பூட்ஸ் அடியில் ஒளிந்திருக்கும் ஒரு மெய்யெழுத்து

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அனோராக், பார்க்கா என்று தலைமூடி வைத்த குளிர்ச்சட்டைகளும் முக்லுக் என்று பனிக்கு ஏற்ற பூட்ஸும் கடையில் விற்கிறார்களே, இதெல்லாம் எஸ்கிமோ மொழிதானே?" முதலில், எஸ்கிமோ என்ற பெயரை அவர்களில் பலர் விரும்புவதில்லை. அலாஸ்காவின் வடக்கிலிருந்து கனடா வழியாகக் கிரீன்லாந்து வரை இருப்பவர்களை இன்யூட் என்று சொல்வோம். அனோராக் கிரீன்லாந்துக்காரர்களுடையது. கனடா பக்கம் அதன் உறவுச்சொல்லான அன்னுராக் பொதுவாக உடுப்பைக் குறிக்கும். பார்க்கா சைபீரியாவின் நேநெட்ஸ் மொழியில் பிறந்து ரஷ்யர்களோடு அலாஸ்காவுக்கு வந்த சொல். முக்லுக் யூப்பிக் மொழியிலிருந்து வந்தது, அதுவும் இன்யூட் மொழிக்கு உடன்பிறப்புதான், ஆனால் வேறு மொழி. மூலச்சொல் மக்லாக், அதன் பொருள் பூட்ஸ்கூட இல்லை, தாடிச் சீல் என்கிற கடல்விலங்கு. அதன் தடித்த தோலைத்தான் பூட்ஸின் அடித்தோலாகத் தைப்பார்கள். அந்த விலங்கின் பெயரே பூட்ஸுக்கு ஒட்டிக்கொண்டது.

இன்யூட் பூட்ஸுக்குப் பெயர் கமிக். கனடாவில் ஒன்று என்றால் கமிக், ஜோடி என்றால் கமீக், மூன்றும் அதற்கு மேலும் என்றால் கமீத். ஆமாம், சமஸ்கிருதம் போல இருமைக்குத் தனி விகுதி. கால்சட்டைக்கும் இரண்டு கால் இருப்பதால் அதுவும் இருமையில்தான், கர்லீக். கிரீன்லாந்தில் இந்த இருமை உதிர்ந்துவிட்டது. தலைமூடி நசாக், கனடாவின் மேற்கே போனால் நஹாக், ஸ இருந்த இடத்தில் ஹ. பாலை ஹாலு என்னும் கன்னடத்துக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இந்த மாதிரி மாற்றம் புதிதில்லை.

எனக்குப் பிடித்தது அந்த அடித்தோல்தான். தாடிச் சீலுக்கு அலாஸ்காவில் உக்ருக் என்று பெயர். கனடாவுக்குள் வந்தால் உக்யுக், அதன் கிழக்கே கியூபெக் மாகாணத்தின் வட கோடியில் உத்யுக், கிரீன்லாந்தில் உஸ்ஸுக். வரைபடத்தை விரித்து இந்த நாலையும் மேற்கிலிருந்து கிழக்காக எழுதிப் பாருங்கள், நடுவில் இருக்கும் க் என்ற மெய்யெழுத்து படிப்படியாகக் கரைவது தெரியும். காரணம் வாய்தான். தொண்டைப் பக்கம் ஓர் ஒலியை எழுப்பிவிட்டு அடுத்த நொடியே நாக்கின் முன்பகுதிக்குத் தாவ வேண்டும், நாக்கு சோம்பேறி, இரண்டாவது ஒலிக்கு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது, அப்புறம் முதல் ஒலி தன் இடத்தை விட்டுக்கொடுத்து இரண்டாவதின் நிழலாகிவிடுகிறது. நாமும் இதைத்தான் தினமும் செய்கிறோம். உட்கார் உக்கார் ஆனதும், வெட்கம் வெக்கம் ஆனதும் இந்த வகைதான். இன்யூட் மக்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காவிலிருந்து கிழக்கே பரவியவர்கள். இப்படி அடுத்தடுத்து வரும் இரண்டு வேறு மெய்கள் புறப்பட்ட இடத்தில் ஓரளவு அப்படியே நிற்க, போய்ச் சேர்ந்த கடைசி இடத்தில் ஏறக்குறைய எல்லாமே இரட்டித்துப்போயின.

இதே கணக்கில்தான் நமக்கெல்லாம் தெரிந்த இக்லு, அதாவது வீடு, கிரீன்லாந்தில் இல்லு ஆனது. இங்கேதான் வம்பு. "கிரீன்லாந்தில் வீட்டுக்கு இல்லு, தமிழில் இல், ஆகவே அவர்கள் குமரிக்கண்டத்துத் தமிழர்கள்" என்று ஒருவர் வாட்ஸாப்பில் அனுப்பினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அந்த ஊர்ப் பழைய எழுத்துமுறையையே பார்த்தால் போதும். 1851-இல் கிரீன்லாந்து மொழிக்கு இலக்கணம் எழுதிய சாமுவேல் கிளைன்ஷ்மிட் வகுத்த முறையில் வீடு இக்ட்லோ. உச்சரிப்பில் கரைந்துகொண்டிருந்த மெய்களையும் அவர் எழுத்தில் பிடித்துவைத்திருந்தார். பேசுகிறபடியே எழுதலாம் என்று 1973-இல் சீர்திருத்தம் வந்த பிறகுதான் காகிதத்திலும் அது இல்லு. நம் இல்லுக்குள் எந்தக் காலத்திலும் ஒரு க் ஒளிந்திருக்கவில்லை.

இரண்டு சொற்கள் ஒரே மாதிரி ஒலித்தால் உறவு என்று மேடையில் பேசக் கூட்டமும் காசும் தாராளமாகச் சேர்கிறது. ஒரு ஊர்க் கிழவியிடம் உட்கார்ந்து "இதை உங்க பக்கம் எப்படிச் சொல்வீங்க" என்று கேட்டு ஒலிப்பதிவு செய்கிற ஆய்வு மாணவருக்குப் பஸ் காசு கொடுக்கத்தான் ஆளில்லை. உக்ருக்கும் உஸ்ஸுக்கும் ஒன்றுதான் என்று இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அந்த மாதிரி யாரோ போய் உட்கார்ந்து கேட்டதால்தான்.