நேன்: எண்ணிலியா, எண் அல்லாததா?

‘நாட் எ நம்பர்’ என்பதன் சுருக்கம் நேன் (NaN). கணினி புள்ளி வைத்த எண்களைக் கையாளும் முறைக்கு (மிதவைப் புள்ளி) 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரம், விடை சொல்ல முடியாத கணக்குகளுக்கென இந்த மதிப்பை வரையறுத்தது.

தமிழில் ‘எண்ணிலி’ என்று பெயர்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். எண்ணிலி என்றால் எண்ணி மாளாதது; அது முடிவிலியின் பக்கம் போய்விடும். ‘வரையறுக்கப்படாதது’ என்றால் ஜாவாஸ்கிரிப்டில் அந்தப் பொருளில் ‘அன்டிஃபைன்ட்’ தனியாக இருக்கிறது. அங்கே மதிப்பு எதுவும் தரப்படவில்லை என்று பொருள், அது இன்மை. நேனில் மதிப்பு உண்டு, அது எண் அல்ல, இது அன்மை. ஆகவே ‘எண் அல்லாதது’ என்பதே பொருந்தும்.

டேன் 90° வரையறுக்கப்படாதது என்று பள்ளியில் படித்தவர்கள் கணினி நேன் தரும் என்று எதிர்பார்ப்பார்கள். தராது. டேன் சார்பு ரேடியனில்தான் உள்ளீடு வாங்கும். 90° என்பது ரேடியனில் π/2. அதை 64 பிட்டில் துல்லியமாக எழுத முடியாது, சுமார் 6.1×10⁻¹⁷ குறையும். அதனால் விடை 16331239353195370 என்று வந்து நிற்கும். 32 பிட்டில் இன்னும் வேடிக்கை: அங்கே π/2 சற்றே கூடிவிடுவதால் கோணம் 90°-ஐத் தாண்டி, விடை எதிர்மறையாகிவிடும், ஏறத்தாழ -22877332. நேன் சோதனை இரண்டையும் பிடிக்காது. டேனைக் கூப்பிடும் முன் காஸ் மதிப்பு பூச்சியத்தை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

நேன் உண்மையில் வருவது ஆர்க்சைன்(2), அதாவது சைன் 2 ஆகும் கோணம், சைன்(முடிவிலி) போன்ற இடங்களில். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் சத்தமில்லாமல் நேனைத் தந்துவிடும். பைத்தானின் மேத் தொகுப்பு ‘வேல்யூ எரர்’ எழுப்பி நிறுத்தும்; அதே மொழியின் எண் கணக்குத் தொகுப்பான நம்பை (NumPy) எச்சரித்துவிட்டு நேன் தரும். ஒரு புள்ளியின் திசைக் கோணத்தைத் தரும் ஏடேன்2-இல், ஏடேன்2(0, 0) ஒரு விதிவிலக்கு. கணிதத்தில் விடையில்லை, மொழிகளில் 0.

அடிக்கடி மாட்டுவது ஆர்க்காஸ், அதாவது காஸ் மதிப்பிலிருந்து கோணத்தைக் காணும் சார்பு; 1-ஐத் தாண்டினால் அதற்கு விடையில்லை. இரண்டு அலகு வெக்டர்களின் புள்ளிப் பெருக்கம் 1 வரவேண்டிய இடத்தில் 1.0000000000000002 வரும், கோணம் நேன் ஆகும், அதைத் தொட்ட கூட்டலும் பெருக்கலும் நேன் ஆகும். ‘விடை == நேன்’ என்று சோதித்தால் எப்போதும் பொய்தான், ஏனெனில் நேன் தனக்கே சமமில்லை. அதற்கென உள்ள ‘இஸ்நேன்’ சார்பையே பயன்படுத்த வேண்டும்.

ஆர்க்காஸுக்கு அனுப்பும் முன் மதிப்பை -1 முதல் 1 வரைக்குள் அடக்கிவிடுவது வழக்கமான மருந்து. சி மொழியில் இரண்டு எண்களில் சிறியதையும் பெரியதையும் தரும் எஃப்மின், எஃப்மேக்ஸ் கொண்டு அடக்கினால் ஒரு சிக்கல்: அவை நேனைத் தள்ளிவிட்டு மற்ற எண்ணைத் தரும். முன்னாலேயே எங்கோ பிறந்த நேனும் அதோடு காணாமல் போய்விடும். எனவே இஸ்நேன் முதலில், அடக்குவது பிறகு.