ஓப்பன் அக்செஸ் – திறந்த அணுக்கம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், ரோட்டிலிருந்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போக வேண்டுமென்றால் படியேறித்தான் ஆக வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்த வீடு இருந்தும் எட்டாது. இதைப் பற்றிப் பட்டப்படிப்பு ஆய்வு எழுதும் தங்கை ஒருத்தி வெளிநாட்டுக் கட்டுரைகளைத் தேடினாள். பல இடங்களில் டொலரில் காசு கேட்டது. “அண்ணே, ஓப்பன் அக்செஸ் என்று போட்டிருந்தால்தான் திறக்குது. அதுக்குத் தமிழில் என்ன?” என்று கேட்டாள்.

‘அக்செஸ்’ லத்தீன் வழிச் சொல். கிட்டப் போவது என்பதே அதன் மூலப் பொருள். நம் ‘அணுகு’வும் அதையேதான் சொல்கிறது. அண்மை, அணுக்கம் எல்லாம் ஒரே வேர். அரசனுக்கு நெருங்கிப் பணிசெய்தவரை அந்தக் காலத்தில் அணுக்கர் என்றார்கள். ஆகவே புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை.

சரி, ‘இலவசம்’ என்றால் போதாதா? போதாது. ஆய்வுக் கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்ட புடாபெஸ்ட் பிரகடனம் 2002இல் இந்தச் சொல்லுக்குக் கொடுத்த பொருள் அதைவிட அகலமானது: காசில்லாமல் வாசிக்கலாம், தரவிறக்கலாம், படியெடுக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இலவசம் விலையை மட்டும் சொல்கிறது, அனுமதியைச் சொல்வதில்லை. ‘கட்டற்ற அணுக்கம்’ என்பாரும் உண்டு, அதுவும் பிழையில்லை. எனக்குத் ‘திறந்த அணுக்கம்’ பிடிக்கிறது, கேட்டவுடன் கதவு கண்ணில் தெரிகிறது.

தங்கைக்கு முதலில் காட்டியது இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆவணகம். மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் ஆரம்பகால எழுத்துகள் அங்கே காசில்லாமல் கிடைக்கின்றன. உடற்குறை வேறு, சமூகம் போடும் தடை வேறு என்று 1976இலேயே அந்த இயக்கத்தார் எழுதிவைத்தார்கள். நம் லயத்துப் படிக்கட்டை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. அப்புறம் தென்னாபிரிக்காவிலிருந்து வரும் ‘ஆப்பிரிக்கன் ஜர்னல் ஒஃப் டிசபிலிட்டி’, அமெரிக்காவின் ‘டிசபிலிட்டி ஸ்டடீஸ் குவாட்டர்லி’ இரண்டும் திறந்தவை. மற்ற இதழ்களைத் தேட, 2003இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் தொடங்கிய டிஓஏஜே என்ற திறந்த இதழ்களின் விவரப்பட்டியல் இருக்கிறது.

இன்னொன்று. கட்டடத்துக்குச் சாய்தளம் வைப்பதையும் இதே வேரிலிருந்து ‘அணுகு வசதி’ என்கிறோம். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. பழைய தாளை வெறும் படமாக ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப்பை யாரும் இறக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று அனுமதி இருக்கலாம், ஆனால் திரையிலுள்ள எழுத்தைப் பார்வையற்றவருக்கு வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கு, படத்தை எழுத்தாக மாற்றாவிட்டால், அதில் ஓர் எழுத்தும் தெரியாது. அந்தக் கட்டுரைக்குத் திறந்த அணுக்கம் உண்டு, அணுகு வசதி இல்லை.