முழங்காலைக் கட்டினால் பிணம் ரெடி

“கோடிக்கணக்கில் கொட்டி எடுத்த கிராஃபிக்ஸ் பேயைப் பார்த்தால் கொட்டாவி வருகிறது. முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு தள்ளாடும் நாலு பேரைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அந்த நாலு பேர் ஜாம்பிகள், அதாவது நடமாடும் பிணங்கள். மலிவான ஜாம்பிப் படங்களுக்கெல்லாம் தாத்தா, 1968இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. இயக்குநர் ஜார்ஜ் ரோமெரோ அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 1,14,000 டாலரில் முடித்த படம். ரத்தத்துக்கு சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் நிறம் போய்விடும்; அடர்வும் பளபளப்பும் வழியும் வேகமும்தான் மிஞ்சும். அந்த மூன்றும் சிரப்பில் உண்டு. ஆனால் அந்தப் படத்தில் அதைவிட மலிவான சரக்கு ஒன்று இருக்கிறது: நடை. கல்லறைத் தோட்டத்தில் முதலில் வரும் பிணம் கோட்டு சூட்டு போட்ட ஓர் ஆள், அவ்வளவுதான். தூரத்தில் வரும்போது யாரோ குடித்துவிட்டு வருகிறார் என்றே தோன்றும்.

நடையைப் படிப்பதில் நம் மூளை கில்லாடி. சுவீடனின் உப்சாலாவில் உளவியலாளர் குன்னார் யோஹான்சன் இதைச் சோதித்து 1973இல் வெளியிட்டார். ஆளின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள், மொத்தம் பத்துப் பன்னிரண்டு, மற்றதெல்லாம் இருட்டு. அசையாமல் நின்றால் புள்ளிகள் வெறும் புள்ளிகள். ஆள் நடக்கத் தொடங்கியதும் பார்ப்பவர்கள் உடனே “மனுஷன்” என்றார்கள். ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதும் என்று பிறகு தெரிந்தது.

இவ்வளவு கூர்மையான கண்ணுக்கு, உருவம் மனுஷன், அசைவு வேறு என்றால்? மூளை ஆய்வாளர் ஆய்ஷே பினார் சாய்கினின் குழு மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. நிஜ மனிதர், மனித முகம் வைத்த ரோபோ, அதே ரோபோ தோலுரித்த நிலையில் என்று மூன்றையும் காட்டினார்கள். மனித முகத்தோடு எந்திரம் மாதிரி அசைந்ததற்குத்தான் மூளையின் எதிர்வினை தனித்துத் தெரிந்தது. எதிர்பார்த்தது ஒன்று, வந்தது ஒன்று. ஜப்பானிய ரோபோ நிபுணர் மாசாஹிரோ மோரி 1970லேயே இதை ஊகித்து ஒரு வரைபடம் போட்டார்: உருவம் மனுஷனை நெருங்க நெருங்கப் பிடித்துக்கொண்டே வரும், ரொம்ப நெருங்கியதும் சட்டென்று அருவருப்பில் விழும். அதில் அருவருப்பின் அதலபாதாளத்தில் கிடப்பது நடமாடும் பிணம். சோதனைகள் எல்லாமே அவர் வரைந்த அந்தக் கோட்டை அப்படியே ஆமோதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம்மூர்ப் பேய்க்குக் கால் தரையில் பாவாது. அதைத் திரையில் காட்டக் கயிறு, கிரேன், கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டும். ஜாம்பிக்குத் தரையும் கனமுமே மூலதனம். எப்படி என்று பாருங்கள். நாம் நடக்கையில், முன்னே வீசும் காலின் முழங்கால் ஏறக்குறைய 60 டிகிரி மடங்குகிறது. அப்படி மடங்கியும், பாதத்தின் நுனிக்கும் தரைக்கும் நடுவே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளிதான் கிடைக்கிறது. முழங்காலை மடங்கவிடாமல் செய்தால் கால் ‘நீண்டு’விடும், தரையில் இடிக்கும். உடல் சும்மா இருக்காது: அந்தப் பக்க இடுப்பைத் தூக்கும், அல்லது காலை வெளியே வளைத்துச் சுழற்றும். உடனே தோள் எதிர்ப்பக்கம் சாயும், கைவீச்சின் தாளம் கெடும். தடுத்தது ஒரே ஒரு மூட்டின் மடிப்பை, குலைந்தது மொத்த உடம்பு. இங்கே நடிப்பே தேவையில்லை.

குறும்படம் எடுப்பவர்களுக்கு: முழங்காலுக்குப் பின்புறம் 30 செ.மீ. மர ஸ்கேல், அடியில் பஞ்சு, மேலே 15 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ், அதன்மேல் தொளதொள பேன்ட். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். கட்டு அதை அழுத்தக் கூடாது. அதை ஒட்டிப் போகும் நரம்பு நசுங்கினால் பாதம் மரத்து, தூக்க வராமல் தொங்கிவிடும். இந்தக் கட்டோடு யாரையும் மாடிப்படி ஏற்றாதீர்கள்.

கையை நீட்டிக்கொண்டு வரச் சொல்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. தூக்கிய கை புவியீர்ப்பை எதிர்த்து நிற்கும் கை. அதில் தசையும் நோக்கமும் தெரியும், தியேட்டர் சிரிக்கும். தொங்கவிடுங்கள். கண்ணிலும் ஒரு வேலை இருக்கிறது. சத்தம் கேட்டால் உயிருள்ளவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கண் திரும்பும், தலை பின்னால் போகும். கண்மணியைக் குழியின் நடுவிலேயே நிறுத்தித் தலையை மட்டும் மெல்லத் திருப்பச் சொல்லுங்கள், இமைக்காமல். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை இமைக்கிறோம் என்பதால், பத்து நொடி ஷாட்டில் அது ஒன்றே உறுத்தும்.

கூட்டம் என்றால் இன்னொரு சிக்கல். எல்லாருக்கும் ஒரே காலைக் கட்டினால் அடிகள் ஒத்துப்போய் டான்ஸ் ரிகர்சல் ஆகிவிடும். பத்துப் பேரில் ஐந்து பேருக்கு இடது கால், மூன்று பேருக்கு வலது. மீதி இரண்டு பேருக்குக் கட்டே வேண்டாம். தடித்த ஷூ ஒன்றை மட்டும் கழற்றிவிட்டால் போதும், இடுப்பு தானே சாயும்.