ஃபியூசலாஜ்: உடற்பகுதியா, உடற்கூடா?

இறக்கை, வால், எஞ்சின், சக்கரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் விமானத்தில் மிஞ்சும் நீண்ட குழாய்தான் ஃபியூசலாஜ். விமானி, பயணிகள், சரக்கு எல்லாம் இதற்குள்தான். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி.

பிரெஞ்சுச் சொல் இது. அந்த மொழியில் ‘ஃப்யூஸோ’ என்றால் நூல் நூற்கும் கதிர்; அதற்கும் மூலம் லத்தீனின் ‘ஃபூசுஸ்’. நடு பருத்து முனைகள் கூம்பிய வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். விமானத்தின் தொடக்கக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் முன்னே நின்றதால் எய்லரான் (இறக்கை ஓரத்து அசையும் மடல்), நசெல் (எஞ்சின் உறை) முதலிய சொற்களோடு இதுவும் பரவிவிட்டது.

வடிவத்துக்காக வைத்த பெயர், இன்று செய்முறைக்கும் பொருந்துகிறது. தென் இத்தாலியில் தாரந்தோவுக்குப் பக்கத்தில் குரொத்தாலியே என்ற ஊர். மண்பாண்டத்துக்குப் பேர்போனது. அங்குள்ள விமான நிலையத்தை ஒட்டிய, லியோனார்தோ என்ற இத்தாலிய நிறுவனத்தின் ஆலையில்தான் போயிங் 787 விமானத்து ஃபியூசலாஜின் 44, 46 எண் துண்டுகள் உருவாகின்றன. அச்சு உருளையில் உள்ள பள்ளங்களில் முதலில் நெடுக்குத் தாங்கிகளைப் பதிப்பார்கள். உருளை மெல்லச் சுழலும். பிசின் ஏறிய கார்பன் இழைப் பட்டைகளை இயந்திரம் அதன்மேல் சுற்றிச் சுற்றி ஒட்டும். கதிரில் நூல் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பிறகு உறைபோட்டுக் காற்றை உறிஞ்சி, அழுத்தச் சூளையில் சுமார் 180 டிகிரி செல்சியஸில் வேகவைப்பார்கள். ஆறியதும் அச்சை உள்ளேயே பிரித்து உருவி எடுப்பார்கள். ஜன்னல் வெட்டுவது அதற்கப்புறம்தான்.

இதில் பெரிய எதிரி சுருக்கம். அடுக்கு சுருங்கிய இடத்தில் இழை நேராக ஓடாது. நேராக ஓடாத இழை சுமையை முழுதாகத் தாங்காது. 2009-இல் இங்கிருந்து போன துண்டுகளின் மேல்தோலில் நுண்ணிய சுருக்கங்கள் தெரியவே, போயிங் வேலையை நிறுத்தச் சொன்னது. 23 விமானங்களுக்கு மேலொட்டுப் போட வேண்டியிருந்தது.

துண்டின் விட்டம் கிட்டத்தட்ட 6 மீட்டர். சாதாரணச் சரக்கு விமானத்தின் கதவில் நுழையாது. அதற்காகவே 747-400 விமானங்கள் நான்கை மாற்றி ‘டிரீம்லிஃப்டர்’ ஆக்கினார்கள். அதன் வால் பகுதி கதவுபோலப் பக்கவாட்டில் திறக்கும். துண்டு அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் நார்த் சார்ல்ஸ்டனுக்குப் போகும். பயணிகள் வரத்து பெரிதாக இல்லாத குரொத்தாலியே விமான நிலையத்துக்கு 3,200 மீட்டர் ஓடுபாதை எதற்கு என்ற கேள்விக்கு விடை இதுதான்.

தமிழில் ‘உடற்பகுதி’ என்கிறார்கள். தவறில்லை, ஆனால் கை காலும் உடற்பகுதிதான். மேற்சொன்ன துண்டை ‘உடற்பகுதியின் பகுதி’ என்று எழுத நேரும்போது சொல்லின் குறை தெரியும். வேரைப் பிடித்துக் ‘கதிருடல்’ என்றால் வெயிலும் நெல்லும் நினைவுக்கு வரும். ‘உடற்கூடு’ பொருத்தம்: உள்ளே வெற்றிடம், வெளியே சுமை தாங்கும் ஓடு என்ற இரண்டையும் கூடு என்ற சொல் காட்டிவிடுகிறது. உடற்கூட்டுத் துண்டு, உடற்கூட்டு விட்டம் என்று தடையில்லாமல் எழுதலாம். தட்டச்சில் மட்டும் கவனம் வேண்டும். ‘டு’ போய் ‘று’ விழுந்தால் உடற்கூறு, மருத்துவ மாணவரின் முதலாண்டுப் பாடம்.