ஒரு நாளைக்கு 850 பவுண்டு

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் நினைத்தால் நாடாளுமன்றத்தைக் கூட்டலாம். பிடிக்காவிட்டால் கலைத்து வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் புது வரி போட அதே நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும். அதாவது, வாசல் சாவி மன்னரிடம், கஜானா சாவி அவையிடம்.

சுங்க வரியை மன்னரின் ஆயுள் முழுக்க வழங்குவதுதான் வழக்கம். 1625இல் சார்லஸுக்கு மட்டும் ஒரு வருடத்துக்குத்தான் என்றது நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை. உரசல் முற்றி, 1629இல் அவையைக் கலைத்தவர் 11 ஆண்டுகள் கூட்டவே இல்லை.

சரி, செலவுக்கு? பழைய சட்டங்களைத் தூசு தட்டினார். ஆண்டுக்கு 40 பவுண்டு நில வருமானம் இருந்தும் முடிசூட்டு விழாவுக்கு வந்து நைட் பட்டம் வாங்கவில்லையா? அபராதம்! கடலோர ஊர்களிடம் ஆபத்துக் காலத்தில் கடற்படைக்காக வசூலித்த 'கப்பல் பணம்', 1635இல் கடலையே பார்க்காத ஊர்களுக்கும் வந்தது. ஜான் ஹாம்டன் என்ற நிலக்கிழார் 20 ஷில்லிங் கட்ட மறுத்தார். ஒரே ஒரு பவுண்டு! 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம் நின்றார்கள். வென்றது மன்னர்தான், ஆனால் 5 பேர் மறுத்தார்களே என்று ஊரெல்லாம் பேச்சு. அப்புறம் வசூல் படுத்துவிட்டது.

இந்தத் தந்திரமெல்லாம் சண்டை வராதவரைதான். தானே மன்னராக இருந்த ஸ்காட்லாந்தின் மேல் புதிய ஜெப நூலைத் திணிக்கப்போய் போர் மூண்டது. 1640 ஆகஸ்டில் ஸ்காட் படை நியூகாசிலைப் பிடித்தது. லண்டன் அடுப்புகளுக்கு அன்று நிலக்கரி அங்கிருந்துதான் போனது. உடன்பாடு ஆகும்வரை அந்தப் படைக்குத் தினமும் 850 பவுண்டு படி அளக்கச் சம்மதித்தார் சார்லஸ். எதிரியின் சாப்பாட்டுச் செலவு இவர் தலையில்! நவம்பரில் நாடாளுமன்றத்தைக் கூட்டியே தீரவேண்டியதாயிற்று.

வந்தவர்கள் முதலில் வாசல் சாவியைப் பிடுங்கினார்கள். தங்கள் ஒப்புதல் இல்லாமல் அவையைக் கலைக்க முடியாது என 1641 மே மாதம் சட்டம் கொண்டுவர, சார்லஸும் கையெழுத்திட்டார். கப்பல் பணமும் செல்லாது என்றானது.

1642 ஜனவரி 4. ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய, சுமார் 400 ஆயுதபாணிகளோடு மன்னரே அவைக்கு வந்தார். ஐவரில் ஹாம்டனும் ஒருவர். அவர்களோ முன்பே தேம்ஸ் நதியில் படகேறிப் போய்விட்டார்கள். எங்கே என்று கேட்டார் மன்னர். சபாநாயகர் லெந்தால் அப்படியொன்றும் வீரர் என்று பெயரெடுத்தவரல்லர். மண்டியிட்டுத்தான் சொன்னார், இந்த அவை பணித்தாலொழிய பார்க்கக் கண்ணும் பேச நாவும் தனக்கு இல்லையென்று. சார்லஸ் வெறுங்கையோடு திரும்பினார். ஆறு நாளில் லண்டனை விட்டுப் போனவரை மறுபடி அங்கே கொண்டுவந்தது 1649 ஜனவரியில், கைதியாக.