மைக் மாறி ஊதிய சாக்ஸபோனும் படுவான்கரைக் கூத்தும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் விடிய விடிய நடந்த ஒரு வடமோடிக் கூத்தை போனில் பதிந்து வந்தேன். வீட்டில் ஹெட்போனைப் போட்டுக் கேட்டால், களரியில் நெஞ்சுக்குள் இடித்த மத்தளம் தகரப்பேணியைத் தட்டியதுபோல் இருந்தது. பிழை மத்தளத்தில் இல்லை. பெரிய சத்தம் வந்ததும் போன் தானாகவே பதிவின் அளவைக் குறைக்கும், அடி ஓய்ந்ததும் ஏற்றும். பேச்சுக்கு இது நல்லது, கூத்துக்கு நாசம். அடிக்கும் அடிக்கும் இடையில், தூரத்தில் நின்ற கச்சான்காரரின் குரல் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரலுக்குச் சமமாகப் பொங்கி வந்தது.

அப்போதுதான் நான் அடிக்கடி கேட்கும் ஒரு ஜாஸ் பதிவு நினைவுக்கு வந்தது. அதிலும் மைக் சதி செய்திருக்கிறது.

1956 ஜூலை 7, அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழா. திறந்தவெளி, நள்ளிரவை அண்டிய நேரம். டியூக் எலிங்டனின் குழுவில் போல் கொன்சால்வெஸ் சாக்ஸபோனோடு முன்னுக்கு வந்து, ஒரு ப்ளூஸை 27 சுற்று நிறுத்தாமல் வாசித்தார். சுற்றுக்கு 48 தாள அடி. மொத்தம் 1,296 அடி. மேடை ஓரத்தில் ஜோ ஜோன்ஸ் என்ற மூத்த டிரம் கலைஞர் சுருட்டிய பத்திரிகையால் தாளம் தட்டி உசுப்பினார். சனம் எழும்பி ஆடியது. ஆட்டக்காரரைப் பிற்பாட்டு ஏற்றிவிடுவதைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மேடையில் இரண்டு மைக்குகள் இருந்தன. ஒன்று கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துடையது, மற்றது வாய்ஸ் ஒவ் அமெரிக்கா வானொலியுடையது. கொன்சால்வெஸ் வானொலி மைக்கில் ஊதிவிட்டார். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியழுத்தம் பாதியாகும். அளவைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் கூட்டும்போது பக்கத்திலிருந்த டிரம்மும் சனத்தின் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். அதனால் அந்த ஆண்டு வந்த கொலம்பியா இசைத்தட்டில் சாக்ஸபோன் மங்கிக் கிடந்தது. தட்டின் வேறு பகுதிகளை ஸ்டூடியோவில் திரும்ப வாசித்து, கைதட்டலை ஒட்டினார்கள். எனக்கு அந்த ஒட்டுக் கைதட்டல் இன்றைக்கும் பிடிக்காது.

வானொலியின் ஒலிநாடா பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. இரண்டு நாடாக்களையும் பொருத்தி, ஒன்றை இடக்காதுக்கும் மற்றதை வலக்காதுக்கும் கொடுத்து, 1999இல் வெளியிட்டார்கள். தனித்தனியே தட்டையாக இருந்த இரண்டு பதிவுகள் சேர்ந்ததும் மேடைக்கு அகலம் வந்துவிட்டது.

இது எப்படி? ஒலி ஒரு மீற்றர் போக ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் எடுக்கும். பக்கவாட்டில் எழும் சத்தம் ஒரு காதை விட மற்றதை அரை மில்லிசெக்கனுக்குச் சற்று மேல் பிந்தித்தான் அடையும். அந்தச் சிறு பிந்தலை வைத்தே மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. அதைவிட நீண்ட பிந்தலுக்கு வேறு விதி. ஒரே ஒலி சுமார் 30 மில்லிசெக்கனுக்குள் இரண்டு தரம் வந்தால் மூளை அதை ஒன்றாகவே எடுத்து, முதலில் வந்த பக்கத்தில் வைத்துவிடும். ஹெல்முட் ஹாஸ் 1949இல் பேச்சொலியை வைத்து ஆராய்ந்தது இதைத்தான். சதங்கை போன்ற கூரிய ஒலிகளில் மூளைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சீக்கிரமே இரண்டாகக் கேட்கும்.

சுவருள்ள இடம் வேறு கதை. 1961 ஜூன் 25, நியூயோர்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை. பில் எவன்ஸ் பியானோ, ஸ்கொட் லாஃபாரோ பேஸ், போல் மோஷன் டிரம். பதினொரு நாள் கழித்து லாஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். அந்தப் பதிவில் கிளாஸ்கள் முட்டும் சத்தமும் பேச்சும் விடாமல் கேட்கும். அவற்றைத் துடைத்தெடுக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மண்டபத்தின் எதிரொலியை அறியக் கைதட்டிப் பார்ப்போமே, கிளாஸ் முட்டலும் அதைத்தான் செய்கிறது. சட்டென்று எழுந்து அடங்கும் சத்தத்தின் பின்னால் சுவரில் பட்டு வருவது தனியாகக் கேட்கும். அறை சின்னது, கூரை தாழ்வு என்று காது அளந்துகொள்ளும்.

களரிக்குச் சுவர் இல்லை. ஆனால் அன்றிரவு எதிர்ப்பக்கத்தில் மச்சானும் பதிந்திருந்தான். எட்டு மீற்றர் இடைவெளி. மிஞ்சிப்போனால் 23 மில்லிசெக்கன் பிந்தல். இரண்டையும் கணினியில் ஏற்றி, முதல் மத்தள அடியில் பொருத்தினேன். தொடக்கம் அருமை, போகப்போக இரட்டையடி. இரண்டு போன்களின் கடிகாரமும் பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலே போதும், ஒரு மணித்தியாலத்தில் 72 மில்லிசெக்கன் விலகிவிடும். கடைசி அடியிலும் பொருத்தி, ஒரு பதிவை மயிரிழை அளவு இழுத்துச் சரிசெய்தேன்.

மத்தளம் நடுவில் நின்றது. ராசாவின் சதங்கை இடமிருந்து வலமாகச் சுற்றி வந்தது.

“மறுகா ஒருக்காப் போடு,” என்றான் மச்சான்.

கச்சான்காரரின் குரல் இப்போது வலக்கோடியில் தெளிவாக இருந்தது. வெட்டிவிடவா என்று கேட்டேன்.

“விடுகா. அவரும் அங்கதானே நிண்டவர்.”