போர்வெல்லை ஆழப்படுத்தும் முன் காற்றையும் மண்ணையும் பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கம் மார்ச் பிறந்தால் போர்வெல் வண்டிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். 600 அடியில் தண்ணீர் நின்றுபோனால் 800, அதுவும் நின்றால் 1,000 என்று இறக்குகிறோம். நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்படும் பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் முன்பு குறித்த வட்டாரம் நம் சித்தூர். பாறைக்குள் குழாயை இறக்கிக்கொண்டே போவதால் தண்ணீர் பிறந்துவிடாது. மேலே மண்ணிலும் காற்றிலும் தொலைவதைப் பிடிக்காமல் கீழே தேடுவது, ஓட்டைக் குடத்துக்கு இன்னொரு கயிறு வாங்குவது போல.

காற்றிலிருந்து தொடங்குவோம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விலகி நிற்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலின் ஈரக்காற்று இதன் வழியே கிழக்கே போகிறது. மலை மறித்தால்தான் காற்று மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டும். கணவாயில் மறிப்பு இல்லாததால், மேகம் நம் தலைக்கு மேலே ஓடிவிடுகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து வறட்சியாக அடிக்கிறது. வட்டப்பாத்தியில் நேற்று விட்ட தண்ணீரை இன்று உறிஞ்சிக்கொண்டு போவது அந்தக் காற்றுதான். மழைக்குக் கணக்கு வைக்கிறவர்கள்கூட இந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனைமலையில் பெய்த மழை ஆழியாறாக இறங்கி, மணக்கடவு தாண்டிச் சித்தூர்ப்புழைக்கு வந்து, பாரதப்புழையாகிப் பொன்னானியில் கடல் சேர்கிறது. அதே கடலின் ஈரம் ஜூனில் காற்றேறித் திரும்ப வருகிறது. தமிழ்நாட்டோடு கேரளம் செய்த பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் நமக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். அந்த மலைக் காட்டு மண் மழையைப் பிடித்துவைத்து மெல்ல விட்டால்தான் கோடையிலும் ஆற்றில் நீரோட்டம் இருக்கும்.

இனி தோப்புக்குள் வருவோம். ஒரு ஏக்கரில் 10 மி.மீ. மழை பெய்தால் அது 40,000 லிட்டர். அதில் எவ்வளவு உள்ளே இறங்கும் என்பதை மண் முடிவு செய்கிறது. செம்மண் ஓரளவு வேகமாகக் குடிக்கும். கரிசல் வேறு மாதிரி: கோடையில் வெடித்த பிளவுகள் வழியே முதல் மழை உள்ளே போகும், பிறகு மண் ஊதி வாயை மூடிக்கொள்ளும். அதன்பின் பெய்வது ஓடையில்தான் சேரும். அதனால் கரிசல் காட்டில் மேலோட்டமாகக் குழி எடுத்தால் பயனில்லை. கரிசலைத் தாண்டி உதிரிப் பாறை தட்டும்வரை குழி இறங்க வேண்டும். தோண்டிய குழியில் மூன்று நாளாகியும் தண்ணீர் வடியவில்லை என்றால் ஆழம் போதவில்லை என்று அர்த்தம்.

கிணற்றுக்கு நீர் செறிவூட்டும் குழியில் அதிகம் நடக்கும் தவறு அடுக்கு வரிசை. அடியில் 40 மி.மீ. ஜல்லி இரண்டடி, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி ஓரடி, நைலான் வலை விரித்து மேலே பருமணல் ஓரடி. மணல் மேலே இருந்தால் வண்டல் அங்கேயே தங்கும், ஆண்டுக்கு ஒருமுறை மேல் மூன்று அங்குலத்தைச் சுரண்டி மாற்றினால் போதும். மணலை அடியில் போட்டால் சேறு ஜல்லிக்குள் புகுந்து குழி அடைத்துக்கொள்ளும், முழுக்கத் தோண்ட வேண்டிவரும். குழிக்கு முன்னால் ஒரு வண்டல் தொட்டியும் வேண்டும். மாட்டுத்தொழுவ நீரையும், மருந்தடித்த காட்டு நீரையும் எக்காரணம் கொண்டும் உள்ளே விடாதீர்கள். மண் வழியே வடிந்து இறங்கும் நீருக்குக் கிடைக்கும் சுத்திகரிப்பு, குழாய் வழியே நேராகப் போகும் நீருக்குக் கிடைக்காது.

காற்றைத் தடுக்கக் கிழக்கு வரப்பிலும் மேற்கு வரப்பிலும் இரண்டு வரிசை சவுக்கோ சீமைக்கொன்னையோ வையுங்கள். மரத்தின் உயரத்தைப்போல் சுமார் பத்து மடங்கு தூரம் காற்று தணியும். 6 மீட்டர் மரத்துக்கு 60 மீட்டர். சுவர்போல் அடைக்க வேண்டாம். முழுதும் தடுத்த காற்று மேலேறி அப்பால் சுழன்று விழும், பாதி ஊடுருவ விடும் வேலியே நல்லது. தென்னைக்கு 1.5 மீட்டர் தள்ளி, ஓரடி அகலம் இரண்டடி ஆழத்தில் வட்டமாக வாய்க்கால் வெட்டி, 100 தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கப் புதையுங்கள். மட்டை தன் எடையைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நீரைப் பிடிக்கும். தோப்பில் மட்டையை எரிப்பதைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

கிணற்றை அளந்து பழகுங்கள். காலையில் மோட்டார் போடும் முன், வாரம் ஒருமுறை, அதே கல்லிலிருந்து டேப் இறக்குங்கள். 3 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஒரு மீட்டர் நீர் என்றால் சுமார் 7,000 லிட்டர். இறைத்து நிறுத்தியபின் ஒரு மணி நேரத்தில் அரை மீட்டர் ஏறினால் ஊற்று மணிக்கு 3,500 லிட்டர். அதற்குமேல் இழுக்கும் மோட்டார் கிணற்றை வறளத்தான் வைக்கும்.

ஆழப் போர்த் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் ஃபுளோரைடு பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீரில் அது கரைந்து வரும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டக்கூடாது. நிறத்திலோ ருசியிலோ தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.